கால் எடுத்த பின் வீட்டில் நடப்பது

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் பெரியப்பாவுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வரப்பில் குத்திய கருவேல முள்ளில் ஆரம்பித்தது. மீதியைச் சர்க்கரை பார்த்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த அன்றே பெரியம்மா போர்வையை நாலாக மடித்து, அதன்மேல் இலவம்பஞ்சுத் தலையணையை வைத்து, வெட்டுப்பட்ட காலை அதில் தூக்கி வைத்தார். அப்படி வைத்தால் வலி கொஞ்சம் அடங்கியது. ஆறேழு வாரம் அந்தக் கால் தலையணையை விட்டு இறங்கவே இல்லை. செயற்கைக் காலுக்கு அளவெடுக்கப் போன இடத்தில் முழங்காலை நீட்டச் சொன்னார்கள். நீளவில்லை. துருப்பிடித்த கதவு மாதிரி ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டது.

"காலுக்கு அடியில தலகாணி வச்சீங்களா?" என்று கேட்டார்கள். பெரியம்மா பதில் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆசுபத்திரியில் யாரும் சொல்லவில்லையா என்றால், சொல்லியிருப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் மருந்துச் சீட்டு, காப்பீட்டுக் கையெழுத்து, வாடகைக் கார் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அந்தச் சந்தடியில் சொன்னது எது காதில் ஏறும்? அறுவை நன்றாகத்தான் முடிந்திருந்தது. காரியம் கெட்டது அதற்குப் பிறகு, வீட்டுக் கூடத்தில், விஷயம் தெரிந்த யாரும் எட்டிப் பார்க்காத அந்த ஆறேழு வாரத்தில். போன் வழியாக, வீட்டிலிருந்தபடியே மறுவாழ்வுப் பயிற்சி என்று இப்போது பேசுகிறார்களே, அந்தக் கூடத்துக்குள் விஷயம் தெரிந்த ஒரு ஜோடிக் கண்ணைக் கொண்டுவந்து வைக்கிற ஏற்பாடு என்றுதான் அதை நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

காலை எடுத்த பிறகு மிஞ்சும் பகுதியை வார்டில் ஸ்டம்ப் என்பார்கள். இங்கே மிச்சக் கால் என்றே எழுதுகிறேன். தையல் பிரிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். சர்க்கரையும் ரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்தவர்களுக்கு இன்னும் இழுக்கும். அப்புறம் வீக்கம் வடிய வேண்டும், மிச்சக் கால் ஒரு வடிவத்துக்கு வர வேண்டும். அதன் பிறகுதான் அளவெடுப்பு. எல்லாம் ஒழுங்காகப் போனாலே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். அத்தனை நாளும் மனிதர் இருப்பது வீட்டில்தான். ஆகவே வீட்டில் மறுவாழ்வு என்பது புதிய சங்கதியே இல்லை. எப்போதும் அது வீட்டில்தான் நடந்து வந்திருக்கிறது, பார்க்க ஆள் இல்லாமல்.

முழங்காலை மடக்கும் தசைகள் தொடைக்குப் பின்னால் இருக்கின்றன. மடங்கிய நிலையிலேயே கிடந்தால் அவை சுருங்கி, அதையே தங்கள் நீளமாக வைத்துக்கொள்ளும். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்கு இதே சங்கடம் இடுப்பில் வரும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் தொடை முன்பக்கமாக மடங்கி அப்படியே நின்றுவிடும். இதற்குக் காசு செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. பாயை விரித்துக் குப்புறப் படுப்பது. நாளைக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு 20 நிமிடம். இதயக் கோளாறோ மூச்சுத்திணறலோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். குப்புறப் படுக்க முடியாதவர் மல்லாந்து படுத்து, நல்ல காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மிச்சக் காலைப் படுக்கையோடு சேர்த்து அழுத்தலாம்.

கட்டுப் போடுவது அடுத்த வித்தை. கிரேப் பேண்டேஜ் என்கிற இழுபடும் கட்டுத் துணியை எட்டுப் போடுவதுபோல் குறுக்கும் மறுக்குமாகச் சுற்ற வேண்டும்; நுனியில் இறுக்கம் கூடுதலாக, மேலே போகப் போகத் தளர்வாக. கயிறு சுற்றுவதுபோல் வட்ட வட்டமாகச் சுற்றினால் நடுவில் இறுகி, நுனி வீங்கி, மிச்சக் கால் சுரைக்குடுக்கை மாதிரி ஆகிவிடும். சுரைக்குடுக்கையைச் செயற்கைக் காலின் கூட்டுக்குள், அதாவது சாக்கெட்டுக்குள், நுழைக்க முடியாது. கட்டு சில மணி நேரத்தில் நெகிழ்ந்துவிடும் என்பதால் ஒரு நாளில் பல தடவை அவிழ்த்துக் கட்ட வேண்டும். ரத்த ஓட்டம் ரொம்பக் குறைந்தவர்களுக்கு எவ்வளவு இறுக்கலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரிடம் கேட்காமல் வீட்டிலேயே தீர்மானிக்கக் கூடாது. இதையெல்லாம் நோட்டீஸில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. ஒருவர் கட்டிக் காட்ட வேண்டும், அப்புறம் நாம் கட்டுவதை அவர் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குப் போன் போதும்.

முள்ளும் சர்க்கரையும்

டெல்டாவில் கால் போகிற வழிகள் பல. பைக் விபத்து, லாரி, அறுவடை இயந்திரம், பீடி சிகரெட்டால் அடைத்துப்போன ரத்தக் குழாய். ஆனால் நடுவயதைத் தாண்டியவர்களிடம் அதிகம் காதில் விழுவது சர்க்கரைப் புண்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்ற பெரிய கணக்கெடுப்பு ஒன்று 2023இல் வெளியானது. அதன்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், பெரியவர்களில் 11.4 சதவீதம். பல வருடச் சர்க்கரை முதலில் பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிடுகிறது. முள் குத்தினால் தெரியாது. மத்தியான வெயிலில் கோயில் பிரகாரக் கல் சுட்டுக் கொப்புளம் போட்டாலும் தெரியாது. செருப்பில்லாமல் சேற்றில் இறங்குவதுதான் இங்கே தொழில். நடவு வயலுக்குள் யார் செருப்புப் போட்டுக்கொண்டு போவார்கள்?

தமிழக அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரில் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதிக்கும் திட்டம் வைத்திருக்கிறது. புண் வருவதற்கு முன்பே பிடிக்கப் பார்ப்பது நல்ல காரியம். ஒரு கால் ஏற்கெனவே போனவருக்கு இந்தப் பரிசோதனை இரட்டிப்பு அவசியம். உடம்புப் பாரம் முழுவதும் இப்போது மிஞ்சிய அந்த ஒற்றைப் பாதத்தில் இறங்குகிறது, அதுவும் அதே சர்க்கரையில் ஊறிய பாதம்தான். வீட்டுப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு மிச்சக் காலை மட்டும் பார்த்துவிட்டு, நல்ல காலின் அடிப்பாதத்தைக் கேமராவுக்குக் காட்டச் சொல்லாத பிசியோதெரபிஸ்ட் பாதி வேலைதான் செய்கிறார்.

நூறு கிலோமீட்டரும் ஒரு நாள் கூலியும்

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி என்று பஸ் மாறி வர வேண்டும். திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு பஸ் படிக்கட்டில் ஏறிப் பார்த்தவருக்குத்தான் தெரியும், 20 கிலோமீட்டரும் தூரம்தான் என்று. மாற்றுத்திறனாளிக்கும் கூட வருகிற ஒருவருக்கும் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. கூட வருகிறவரின் அன்றைய கூலியை யார் தருவார்கள்? மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும் வாரத்தில், 20 நிமிடப் பயிற்சிக்காக ஒரு குடும்பம் இரண்டு ஆளின் பகல் முழுவதையும் விட வேண்டியிருக்கிறது. முதல் தடவை போவார்கள். இரண்டாவது தடவை மழை பெய்யும். மூன்றாவது தடவை போக மாட்டார்கள்.

இதற்கு மாற்றாகச் செய்யக்கூடியது ரொம்பச் சாதாரணமானது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், குறித்த நேரத்தில் வீடியோ அழைப்பு. நடுவில் வாட்ஸ்அப்பில் காயத்தின் படம், பயிற்சிக்கான சின்ன வீடியோ, எத்தனை தடவை செய்தார் என்ற கணக்கு. திண்ணைக்கு எதிரே முக்காலியில் ஒரு செம்பு, அதில் சாய்த்த போன். "ஐயா, நெலக்கதவப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க, போன இன்னும் கொஞ்சம் கீழ இறக்கச் சொல்லுங்க" என்று ஒரு குரல். கனடாவில் இன்னும் ஒரு படி மேலே போய், கால் இழந்த முதியவர்கள் வீட்டிலேயே வீடியோ விளையாட்டுப் பலகையின் மேல் நின்று சமநிலை பழகுவதையும், பயிற்சியாளர் திரை வழியாக அதைக் கவனிப்பதையும் பரிசோதித்திருக்கிறார்கள். நமக்குப் பலகை தேவைப்படாது. நம் வீட்டு நிலைப்படியே போதிய சமநிலைப் பயிற்சி.

விளையாட்டாகச் சொல்லவில்லை. மருத்துவமனையின் பயிற்சிக் கூடத்தில் இரண்டு பக்கமும் கம்பி, வழுக்காத சமதளம், மேலே மின்விசிறி. அங்கே அழகாக நடந்தவர் வீட்டுக்கு வந்தால் முக்கால் அடி உயர நிலைப்படி, பாசி பிடித்த முற்றம், கொல்லைக்கோடியில் கழிப்பறை, அதற்குப் போகிற வழியில் தென்னை மட்டை. விழுவது இங்கேதான். போன் வழியாகப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் இந்த வீட்டையும் சேர்த்துப் பார்க்கிறார். "கக்கூசுக்கு எப்படிப் போறீங்க, நடந்து காட்டுங்க" என்று கேட்க முடிகிறது. எந்த இடத்தில் ஒரு மூங்கில் கைப்பிடி கட்டினால் போதும் என்று அவரால் சொல்ல முடிகிறது. இந்த விஷயத்தில் வீட்டுப் பயிற்சி மருத்துவமனைப் பயிற்சியைவிட ஒரு பிடி மேல் என்பது என் எண்ணம்.

அளந்து பார்க்கவும் பெரிய கருவி வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது உலகம் முழுக்கப் புழங்கும் சோதனை. முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்கள் இதற்கு 19 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டால், அடிக்கடி விழக்கூடியவர் என்று கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என ஓர் ஆய்வு சொல்கிறது. 3 மீட்டரை அளக்கத் தெரியாத விவசாயி உண்டா? போன மாதம் 31, இந்த மாதம் 24 என்று ஒரு எண் கையில் இருந்தால் மனிதருக்குத் தெம்பு வருகிறது. எண் இல்லாவிட்டால் "என்னத்த முன்னேத்தம்" என்று படுத்துவிடுவார்.

திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மட்டும் போதாது என்பதும் உண்மை. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை இங்கேதான் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, பிசியோதெரபியும் அதில் உண்டு. ஒரு வட்டாரம் முழுக்கச் சுற்றுகிற பிசியோதெரபிஸ்ட் ஒரே வீட்டுக்கு வாரம் மூன்று நாள் வர முடியாது. பக்கவாதக்காரர், எலும்பு முறிந்தவர், படுத்த படுக்கையானவர் என்று அவருக்குப் பட்டியல் நீளம். மாதத்துக்கு ஓரிரு தடவை அவர் கை வைத்துப் பார்க்கட்டும், நடுவில் இருக்கும் நாட்களைப் போன் பார்த்துக்கொள்ளட்டும் என்றால் இரண்டும் பொருந்திப் போகும். மருத்துவர்கள் தொலைவழியில் ஆலோசனை தருவதற்கு மத்திய அரசு 2020 மார்ச்சிலேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டுவிட்டது. கொரோனாக் காலத்தில் ஆத்திர அவசரத்துக்கு வந்த வழக்கம், இந்த மாதிரி வேலைக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது.

இல்லாத கால் கூப்பிடுகிறது

வெட்டி எடுத்த காலின் கட்டைவிரல் ராத்திரியில் எரியும். பாதம் முறுக்கிக்கொண்டது போலிருக்கும். போர்வையைத் தூக்கிப் பார்த்தால் அங்கே ஒன்றுமிருக்காது. இதை வாய்விட்டுச் சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ என்று பலர் சொல்வதே இல்லை. சிலர் வீட்டில் மந்திரிக்க ஆளைக் கூப்பிடுவார்கள். பெரியப்பா மூன்று வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. எடுத்த காலை எங்கே புதைத்தார்கள், எறும்பு மொய்க்கிறதோ என்ற யோசனையாம்.

உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்த அமெரிக்க மருத்துவர் சைலஸ் வேர் மிட்செல், இல்லாத அந்த உறுப்புக்கு 1871இல் பேய் உறுப்பு என்ற பொருளில் பெயர் வைத்தார். ஆவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூளைக்குள் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது. கால் போனாலும் அந்த வரைபடத்தில் காலுக்கான இடம் போவதில்லை. அறுபட்ட நரம்பு முனைகளும் தங்கள் பங்குக்குத் தகவல் அனுப்புகின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துப் பின்னர் கலிபோர்னியாவுக்குப் போன வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் இதற்கு ஒரு கண்ணாடியை எடுத்தார். இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, மிச்சக் காலைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி பாதத்தை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். பார்ப்பவருக்கு இரண்டு காலும் இருப்பதுபோல் தோன்றும். முறுக்கிக் கிடந்த இல்லாத பாதம் சிலருக்கு அப்போது அவிழ்கிறது.

எல்லாருக்கும் இது கேட்பதில்லை. ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் பீரோக் கண்ணாடியோ கல்யாணத்தில் வந்த அலங்காரக் கண்ணாடியோ இல்லாத வீடு இல்லை. தினம் கால் மணி நேரம், ஒரு மாதம் செய்து பார்ப்பதால் நஷ்டம் கிடையாது. போன் வழிப் பயிற்சிக்கு இவ்வளவு தோதான சிகிச்சை வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. தொட வேண்டியதில்லை, தூக்க வேண்டியதில்லை. கண்ணாடி கோணலாக இருந்தால் திருப்பச் சொல்லவும், "இது எல்லாருக்கும் வர்றதுதான், பயப்படாதீங்க" என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ராத்திரித் தூக்கம் திரும்பியவர்கள் உண்டு.

திரைக்குத் தெரியாதவை

சரி, போனால் முடியாதது எது? முதலாவது, நிறம். மிச்சக் காலில் அழுத்தம் பட்ட இடம் சிவக்கும், அந்தச் சிவப்பு பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் கவனி என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்கின்றன. வயலில் காய்ந்த நம் தோலில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், விலை குறைந்த கேமராவில் எந்தச் சிவப்பு தெரியும்? நம் ஆட்களுக்குச் சூடுதான் அடையாளம். புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஓரிடம் மட்டும் சுடுகிறதா, கெட்டியாக இருக்கிறதா, தோல் பளபளக்கிறதா என்று வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கறுத்துப்போன ஓரம், சீழ், வாடை, காய்ச்சல் என்று எது வந்தாலும் போனை வைத்துவிட்டு வண்டி பிடிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, சாக்கெட். மிச்சக் கால் நுழையும் அந்தக் கூடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது கை வைத்துப் பார்க்கிற வேலை. முதல் ஒரு வருடத்தில் மிச்சக் கால் சுருங்கிக்கொண்டே போகும். உள்ளே போடும் உறையை ஒன்றுக்கு இரண்டாக, இரண்டுக்கு மூன்றாகக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கட்டத்தில் கூட்டையே மாற்ற வேண்டும். உறை எத்தனை என்பதைப் போனில் பேசி முடிவு செய்யலாம், கூட்டைச் செதுக்க முடியாது. மூன்றாவது, செயற்கைக் காலில் முதன்முதலாக எழுந்து நிற்பது. அந்த நாளில் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் எந்தத் திரையையும் நம்பக் கூடாது.

செயற்கைக் கால் என்றால் டெல்டாவில் இன்னும் ஜெய்ப்பூர் கால் என்ற பெயர்தான் வாயில் வருகிறது. 1968இல் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. ரப்பர் பாதம், செருப்பு இல்லாமலும் நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், குந்தலாம், சம்மணம் போடலாம். மேல்நாட்டுக் கால்கள் நாற்காலியில் உட்கார்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை, இது தரையில் உட்கார்கிறவர்களுக்காக. முழங்காலுக்கு மேலே இழந்தவர்களுக்குச் செயற்கை முழங்கால் மூட்டும் தேவைப்படும். அதற்கு ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய 'கதம்' என்ற செயற்கை மூட்டு 2022இல் வெளியானது.

நடக்க ஆகும் சக்தியையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முழங்காலுக்குக் கீழே இழந்தவர் மற்றவர்களைவிடக் கால் பங்கு முதல் பாதிக்குச் சற்றுக் குறைவு வரை கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். மேலே இழந்தவருக்கு 60, 70 சதவீதம் கூட ஆகலாம், ரத்த ஓட்டம் கெட்ட முதியவருக்கு அதையும் தாண்டும். நாலு மாதம் கட்டிலில் கிடந்துவிட்டு, கால் வந்ததும் நடந்துவிடலாம் என்று நினைப்பவர் பத்தடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, "இந்தக் கால் சரியில்ல" என்று பரணில் போட்டுவிடுகிறார். காலில் குறை இருக்காது, உடம்பில் சத்து வடிந்திருக்கும். காத்திருக்கிற மாதங்களில் கைக்கும் நல்ல காலுக்கும் இடுப்புக்கும் கொடுக்கிற பயிற்சிக்கு அவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

பெண்கள் விஷயத்தை இதோடு சேர்த்து எழுதத் தயக்கமாக இருக்கிறது, காரணம் அது தனிக் கட்டுரைக்கு உரியது. ஆண் கால் இழந்தால் "வேலைக்குப் போகணுமே" என்று வீடு பரபரக்கிறது. பெண் கால் இழந்தால் "வீட்டுக்குள்ளதானே இருக்கா" என்ற பேச்சில் அளவெடுப்பே ஒரு வருடம் தள்ளிப்போகிறது. உட்கார்ந்தபடி நகர்ந்தே சமைத்து, பாத்திரம் தேய்த்து, முழங்காலும் இடுப்பும் மடங்கி இறுகிவிடுகின்றன. போன் வழிப் பயிற்சி இவர்களைத்தான் முதலில் எட்டியிருக்க வேண்டும். ஆனால் போன் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கிறது, அல்லது வீட்டுக்காரர் பையில் இருக்கிறது. தொடைவரை புடவையை ஒதுக்கிக் கேமரா முன்னால் காட்ட எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள், எதிரே யார் இருக்கிறார்கள், படம் எங்கே போய்ச் சேரும் என்று தெரியாதவரை. பெண் பிசியோதெரபிஸ்ட், சுகாதாரத் தன்னார்வலர் கையில் இருக்கும் போன், படங்களைச் சேமிக்காத ஏற்பாடு. இந்த மூன்றும் இல்லாமல் பெண்களுக்கான திட்டம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. அப்புறம், 'வீட்டிலேயே மறுவாழ்வு' என்று நாம் சுலபமாகச் சொல்வதில் கட்டு அவிழ்த்துக் கட்டுவதும், கண்ணாடி பிடிப்பதும், படம் எடுத்து அனுப்புவதும் பெரும்பாலும் யாரோ ஒரு மனைவி, ஒரு மருமகள் தலையில்தான் விழுகின்றன. அந்த வேலைக்கு எந்தக் கணக்கிலும் சம்பளம் எழுதப்படவில்லை.

பெரியப்பாவின் முழங்கால் முழுசாக நீளவில்லை. நாலு மாதம் குப்புறப் படுத்து, பயிற்சி நேரத்தில் மட்டும் மிச்சக் காலுக்கு அடியில் துண்டுச் சுருளை வைத்து அழுத்தி அழுத்தி, கடைசி ஒரு கை அளவு மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டது. அதற்கேற்றாற்போல் கூட்டைச் சாய்த்துச் செய்து கொடுத்தார்கள். இப்போது டீக்கடை வரை போய்வருகிறார், வாய்க்கால் மதகு வரையும் சில நாள். திரும்பி வந்து வாசலில் நின்று, தொட்டித் தண்ணீரைச் செம்பில் மோந்து முதலில் வலது காலுக்கு ஊற்றுவார். அப்புறம் இடதுபக்க ரப்பர் பாதத்துக்கும் ஊற்றி, குதிகாலில் ஒட்டிய சேற்றைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்த இலவம்பஞ்சுத் தலையணை பெரியம்மாவின் தலைமாட்டுக்குத் திரும்பிவிட்டது.